வகுப்புக்கு வெளியே நின்ற நாட்கள்

செப்டம்பர் 4, புதன்

முதல் பீரியடிலேயே பெயர் வாசித்துவிட்டார்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அக்கவுண்ட்ஸ் பிரிவு அண்ணன் ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வந்தார். கட்டணம் பாக்கி உள்ளவர்கள் எழுந்து வெளியே போக வேண்டும் என்று சொல்லி ஒவ்வொரு பெயராகப் படித்தார். என் பெயரை மட்டும் ‘சங்கரன்கோவில் கோமதி’ என்று ஊரோடு சேர்த்துப் படித்தார். பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டில் இன்னொரு கோமதி இருக்கிறாள், அதற்காகத்தான். தெரிந்தும் எரிச்சலாக வந்தது. வீட்டில் இருக்கிற எல்லோரையும் எழுப்பி வராந்தாவில் நிறுத்தியது போல இருந்தது.

எழிலரசியும் என் பின்னாலேயே வந்தாள். ஹாஸ்டலில் முதல் வருடத்திலிருந்தே நாங்கள் ஒரே அறை. அரூர்க்காரி. “உள்ள ஃபேன் ஓடல, இங்க காத்தாவது வருது” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு எதுவும் உறைக்காது.

வெளியே நின்றால் ஆப்சென்ட். பணம் கட்டும்வரை தினமும் இப்படித்தானாம்.

லேப் கோட்டை ஊறவைத்துத் துவைத்தேன். அயோடின் கறை போகவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

அப்பா பேங்க்குக்குப் போனார். அவர் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். தறியை விட்டு நகர்ந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. முதல் இரண்டு வருடமும் கல்விக் கடன் பிசகாமல் வந்தது. இந்த வருடம் மேனேஜர் மாறிவிட்டார். கல்லூரியிலிருந்து ஒரு சான்று வர வேண்டும், அது வராமல் பணம் விட முடியாது என்கிறாராம்.

அக்கவுண்ட்ஸில் போய்க் கேட்டேன். போன மாதமே மெயிலில் அனுப்பியாயிற்று என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பவும் பேங்க்குக்குப் போய்க் கேட்டதற்கு மெயிலில் வந்தால் செல்லாது, தபாலில் வர வேண்டும் என்றார்களாம். திரும்பவும் அக்கவுண்ட்ஸ். தபாலில் அனுப்பும் வழக்கம் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். யாராவது ஒருவர் கத்தியிருந்தால்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அம்மா போனை வாங்கி, “ஏட்டி, வகுப்புக்குப் போறேல்லா?” என்று கேட்டாள். போகிறேன் என்றேன். வகுப்பு வாசல் வரைக்கும் தினமும் போகத்தானே செய்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்றும் வெளியே. ஃபார்மகாலஜி மேடம் நாங்கள் கேட்கட்டும் என்று ஜன்னல் பக்கம் நின்று சத்தமாகப் பாடம் எடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

தாமோதரன் சார் கூப்பிட்டு அனுப்பினார். அக்கவுண்ட்ஸ் மேனேஜர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நாமக்கல் பக்கத்து ஆள், யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். கல்லூரி ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோடு பேசி வைத்திருக்கிறதாம். அவர்கள் மொத்தக் கட்டணத்தையும் கல்லூரிக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுவார்கள், மாணவர்கள் மாதாமாதம் அவர்களுக்குக் கட்டினால் போதும். பிள்ளைகள் கடன் என்றதும் பயப்படுகிறார்கள், கம்பெனிக்காரர்கள் பேசுவது புரியவும் இல்லை, கம்பெனி மேசையில் உட்கார்ந்து மாணவியே எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள் என்றார்.

“நீ பேசத் தெரிஞ்ச புள்ள, கண்ணு. நாளைல இருந்து கிளாஸுக்குப் போயிக்க. வெளிய நின்ன நாளையும் அட்டெண்டன்ஸ்ல சரி பண்ணிடறேன். உங்க பேங்க் பணம் வர்றப்ப வரட்டும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டீயைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்றும் சொல்லிவிட்டேன்.

இதில் தப்பு என்ன இருக்கிறது? கடன் கிடைத்தால் மற்றவர்களும் வகுப்புக்குள் போகலாம். யாரையும் நான் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. எழிலிடம் விவரமெல்லாம் சொல்லவில்லை. சார் எனக்கு டைம் கொடுத்திருக்கிறார், கம்பெனி மேசையில் உதவிக்கு உட்காரச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

வகுப்புக்குள் உட்கார்ந்தேன். ஃபேன் இன்னும் ஓடவில்லை. எழில் வெளியே ஜன்னல் ஓரமாக நின்று நோட்ஸ் எடுத்தாள். நான் மூன்றாவது வரிசைக்கு மாறிக்கொண்டேன். போர்டு அங்கிருந்துதான் சரியாகத் தெரிகிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

கேன்டீன் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது. எனக்கு இது நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளோடு வரும் பெற்றோரிடம், வட்டி கிடையாது, நடையாய் நடக்க வேண்டாம், ஜாமீன் வேண்டாம், போனில் ஆப் ஏற்றினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று சொல்கிறேன். எல்லாம் உண்மை. தவணை தவறினால் தினக்கணக்கில் அபராதம் உண்டு, ஆப் போனிலுள்ள நம்பர்களையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். கேட்டவர்களுக்குச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் எழில் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்பா போர் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறது. அங்கே இன்னும் மழை விடவில்லை, மழை நிற்காமல் போர் வேலை நடக்காது. வேலை நடக்காமல் ஓனர் கணக்கு முடிக்க மாட்டார். இதையெல்லாம் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். மேசையில் இன்னொரு முறை சொன்னாள், நான் யாரோ ஆஃபீஸர் மாதிரி.

“இத எடுக்கலாமாடி? நீ சொன்னா எடுக்கறன்.”

எடு என்றேன். எத்தனை நாள்தான் வெளியே நிற்பாள்? பேங்க் பணம் வரும்வரை பொறுக்கலாம் என்று நான் இருப்பதுபோல அவளுக்கு இருக்க வழியில்லை. அவளுக்கு பேங்க் கடனே இல்லை. அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவசர நம்பர் என்று கேட்ட இடத்தில் என் நம்பரைப் போட்டாள்.

அக்டோபர் 3, வியாழன்

எழில் வகுப்புக்குள் வந்துவிட்டாள். சாயங்காலம் அவள் செலவில் பரோட்டா. வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சால்னா நன்றாக இருந்தது. அவள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குழைத்துச் சாப்பிட்டதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

பேங்க் பணம் வந்துவிட்டது. அப்பா போன வாரம் முழுக்கக் காலை ஷிஃப்டை விட்டுவிட்டு மேனேஜர் அறை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். “நம்மள பாத்து பாத்து அவருக்கே சடைச்சுப் போச்சும்மா” என்று சிரித்தார். ஆக அந்தச் சான்று தேவையே இல்லையோ என்னவோ. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

நான் அந்தக் கம்பெனியில் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

எழிலிடம் இன்னும் சொல்லவில்லை. முதல் தவணைக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்க ஆரம்பித்திருக்கிறாள். இந்த நேரத்தில் போய்ச் சொன்னால் பெருமை அடிப்பது போல இருக்கும்.

மெஸ்ஸில் மூன்றாவது நாளாக அதே புளித்த சாம்பார்.

அக்டோபர் 22, செவ்வாய்

எழிலுக்கு முதல் தவணை தள்ளிப்போயிருக்கிறது போல. நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. இன்றைக்கு அவள் அம்மாவுக்கே அடித்துவிட்டார்கள். அவர் ஜவ்வரிசி ஃபேக்டரியில் கிழங்கு உரிக்கிறவர். வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது, சூப்பர்வைசர்தான் எடுத்துப் பேசியிருக்கிறார். “உன் பொண்ணு கடன் வாங்கிட்டு ஓடிட்டாளாமே” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அதன் பிறகு அவள் மாமா, பெரியப்பா பையன், பத்தாம் வகுப்பு டீச்சர் என்று வரிசையாக அடித்திருக்கிறார்கள்.

எழில் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “நம்பரெல்லாம் எடுப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

எல்லா ஆப்பும் எடுக்கத்தான் செய்யும் என்றேன்.

ஃபார்மசூட்டிகல் அனாலிசிஸ் ரெக்கார்ட் எழுத வேண்டும் என்று நான் லைப்ரரிக்குப் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து ஒரு பக்கம்கூட எழுத முடியவில்லை. லைப்ரரியில் எப்போதும் சத்தம்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் ஒரு தெரியாத நம்பர். எழிலரசியைத் தெரியுமா, அவளுடைய அவசர நம்பர் இதுதானே, அவளைக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் பொறுப்பு என்று ஒரு ஆள். ராங் நம்பர், அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது என்று வைத்துவிட்டேன்.

ப்ளாக் செய்துவிட்டேன். தீபாவளிக்கு நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். துணி ஒன்றும் காயவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ஊரிலிருந்து திரும்பினேன். எழில் தீபாவளிக்கு ஊருக்கே போகவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போயிருக்கிறதே, எந்த முகத்தோடு போவது என்று ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மேசைமேல் வைத்தாள். பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது, பாதி அடுக்கியிருந்தாள்.

“அந்த ஆளு எங்கிட்ட சொல்லிட்டான். நீ குடுத்த நம்பர்ல இருக்கறவ உன்னயே தெரியாதுன்றாளேன்னு. சிரிக்கறான், கோமதி.”

நான் பயந்துவிட்டேன் என்றேன். உண்மையும் அதுதான்.

“பயந்தது சரி. எனக்கும்தான் பயம். உன் பேங்க் பணம் எப்ப வந்துச்சு?”

வந்த தேதியைச் சொன்னேன். அவள் மனதுக்குள் நாட்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு துணியை அடுக்கத் தொடங்கினாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால் நானும் திருப்பிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். தாமோதரன் சார், பேங்க் மேனேஜர், அந்தக் கம்பெனி, கட்டணத்தை வருடாவருடம் ஏற்றுகிற கல்லூரி என்று எல்லாம் தயாராக இருந்தது. அவள் கேட்கவே இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காலை பஸ்ஸில் போய்விட்டாள். அரூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் முழுநேரம் நிற்கப் போகிறாளாம். தவணையைக் கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்று வார்டனிடம் சொல்லியிருக்கிறாள். வேறு கல்லூரிக்கோ வேலைக்கோ போகவும் வழியில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் முதற்கொண்டு ஒரிஜினல் எல்லாம் ஆஃபீஸ் பீரோவில் இருக்கின்றன. நான்கு வருடக் கட்டணமும் கட்டினால்தான் கொடுப்பார்கள்.

அதிரசம் மேசைமேல் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 8, வெள்ளி

மேசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

அட்டெண்டன்ஸ் குறைந்தவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அவர்கள் செமஸ்டர் எழுத முடியாது. செப்டம்பரில் வராந்தாவில் நின்றவர்களில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். எழில் பெயர் இருக்கிறது. அவள் பக்கத்திலேயே இரண்டு வாரம் சேர்ந்து நின்ற என் பெயர் இல்லை.

இவர்களே வெளியே நிறுத்துவார்கள். பிறகு ஏன் உள்ளே இல்லை என்று இவர்களே கேட்பார்கள். கேட்டுவிட்டு அதற்கும் ஒரு தண்டனை கொடுப்பார்கள். நோட்டீஸ் போர்டின் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைத்தால் அதற்கும் பில் வரும்.

தாமோதரன் சாரிடம் போனேன். எழிலுக்கும் எனக்குச் செய்ததுபோலவே செய்யுங்கள் என்றேன். “அது உனக்குப் பண்ணுனது, கண்ணு. ஊருக்கே பண்ண முடியுமா?” என்றார். டீ சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

நவம்பர் 18, திங்கள்

ஞாயிறு முழுக்க அறையில் படுத்துக் கிடந்தேன். இன்று காலை பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி வந்தேன், ஒரு தடவை தண்ணீர் குடிக்க, இன்னொரு தடவை சும்மா.

வசந்தகோகிலம் மேடம் எங்களுக்கு ஃபர்ஸ்ட் இயரில் அனாட்டமி எடுத்தவர். பிரின்சிபால் ஆனதிலிருந்து எப்போதும் களைத்தே இருக்கிறார். எழிலரசி வேண்டுமென்று கட் அடிக்கவில்லை, கட்டணத்துக்காக வெளியே நிறுத்திய நாட்கள்தான் குறைந்திருக்கின்றன என்றேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், விதியில் காரணம் கேட்க இடமில்லை என்றார்.

“எல்லாருக்கும் ஒண்ணு இல்ல மேடம். அவ வெளிய நின்ன முதல் ரெண்டு வாரமும் நானும் அவ பக்கத்துலதான் நின்னேன். எனக்கு மட்டும் பிரசன்ட் போட்டுருக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன சொல்றேன்னு யோசிச்சுத்தான் சொல்றியா? சொன்னா உன்னோடதும் போயிரும்.”

“தெரியும் மேடம்.”

தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அதன்பின் நிறுத்த முடியவில்லை. மேசையில் உட்காரச் சம்மதித்ததற்குத்தான் அது கிடைத்தது என்றும், தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை மறைத்து எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தேன் என்றும், எழிலையும் அப்படித்தான் போட வைத்தேன் என்றும் சொன்னேன். தாமோதரன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. புள்ளைக்கு ஒரு உதவி செய்தேன் என்றார், அதே சாந்தமான முகத்தோடு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டத்தில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, தனக்கும் மேலே ட்ரஸ்ட் இருக்கிறது, வராந்தாவில் நிறுத்துவதைத் தான் ஒருத்தியாக நிறுத்த முடியாது என்றார். ஒன்று மட்டும் செய்ய முடியும். என் அட்டெண்டன்ஸையும் இருக்கிறபடி குறைக்க வேண்டும். அப்படி நின்ற எல்லோருக்கும் சலுகை கொடுத்துத் தேர்வு எழுத விடலாம். அதற்கு ஆளுக்கு ஒரு கட்டணம் உண்டு. அதைத் தள்ளுபடி செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை, அடுத்த செமஸ்டரில் கட்டுவதாக எழுதிக் கொடுக்கலாம்.

வெளியே நின்றதற்குக் கட்டணம். அதையும் கடனாக.

எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 20, புதன்

அரூர் போனேன். போன் எடுக்காதவளை வேறு எப்படிப் பார்ப்பது? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் கடை. எழில் ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அட்டையைக் கத்தரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், யாரோ வாடிக்கையாளரைக் கேட்பதுபோல, “என்ன வேணும்?” என்றாள்.

ஹால் டிக்கெட் தருவார்கள், வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மேடம் அறையில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“எங்கம்மாவ இப்ப கிழங்கு உரிக்க வுடறதில்ல. குடோன் கூட்ட வெச்சிருக்காங்க. அதுல கூலி கம்மி. இதையும் உங்க மேடம்கிட்ட சொன்னியா?”

எனக்கு அது தெரியாது என்றேன்.

“தெரிஞ்சுக்க.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைக்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார், போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஆஃபீஸ் மூடும் நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். வார்டன்தான் சொன்னார்.

கேன்டீன் பக்கத்து மேசையில் இப்போது செகண்ட் இயர் பையன் ஒருவன் உட்காருகிறான். நன்றாகப் பேசுகிறான். ஒரு அம்மாவும் மகளும் கையெழுத்துப் போடப் போனார்கள். நான் போய் நின்று, தவணை தவறினால் என்ன அபராதம், யார் யாருக்குப் போன் போகும் என்பதைச் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேற வழி என்ன இருக்கு, நீயே சொல்லு பாப்பா” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஆப்பை மகளுடைய போனில் ஏற்றவில்லை, நம்பர் எதுவும் இல்லாத பழைய போன் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதில் ஏற்றிக்கொள்கிறேன் என்று விவரத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

டிசம்பர் 3, செவ்வாய்

முதல் தேர்வு. எழில் அரூரிலிருந்து வந்து எழுதினாள். முடிந்ததும் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 18, புதன்

கடைசித் தேர்வும் முடிந்தது. ஃபார்மகாலஜி பரவாயில்லை. அனாலிசிஸ் அரியர் விழலாம். அப்பாவிடம் அட்டெண்டன்ஸ் கட்டணத்தைப் பற்றி நேற்றுதான் சொன்னேன். ஏன் என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். போனில் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “சரிம்மா, பாப்போம்” என்று வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

எழில் சாமான்களை எடுக்க அறைக்கு வந்தாள். அவள் அப்பாவுக்கு ஓனர் பாதிக் கணக்கு கொடுத்துவிட்டாராம். இரண்டு தவணை கட்டியாயிற்று, இன்னும் நிறைய இருக்கிறது. ஜனவரியில் அடுத்த கட்டணம் வேறு வருகிறது. படிப்பை விடப் போவதில்லை, விட்டாலும் கடன் விடாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

பாயையும் வாளியையும் நான் தூக்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் வெயிலாக இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். “அத விடு” என்றாள். விட்டேன். பஸ் வந்ததும் சாமான்களை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஜனவரில ரூம் மாத்தச் சொல்லிட்டன். உன்கூட இருக்க முடியாது எனக்கு.”

சரி என்றேன்.

லேபில் ரோல் நம்பர்படி நானும் அவளும் ஒரே மேசை. அதையும் மாற்றிக்கொள்ளலாம், வேண்டுமானால் நானே மேடமிடம் கேட்கிறேன் என்று சொன்னேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“லேப்ல இரு” என்றாள்.